மணி காட்டாத கடிகாரம்

திங்கட்கிழமை ஓர் அட்டைப்பெட்டி வந்தது.
உள்ளே இருபத்தேழு கறுப்புப் பட்டைகள்.
மணி காட்டாது, அசைவை மட்டும் எண்ணும் என்றார்
பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெண்.
குளிக்கும்போது கழற்றலாம். ஏழு நாள்.
ஐந்து மல்லிகை கையை நீட்டியது,
தடுப்பூசிக்கு நீட்டுகிற அதே முகத்தோடு.

அட்டவணைப்படி உடற்கல்வி செவ்வாயும் வியாழனும்.
செவ்வாயைக் கணிதம் கடன் வாங்கியது;
கணிதம் கடனைத் திருப்பியதாகச் சரித்திரம் இல்லை.
வியாழன் புகைமூட்டம்.
செந்தூல் முழுக்கச் சாம்பல் பூசியிருந்தது.
திடலில் இறங்க வேண்டாமென்று புலனத்தில் தகவல்.
பந்துகளைச் சாக்கிலேயே விட்டுவிட்டு
வெண்பலகையில் திடல் வரைந்து
ஆஃப்சைட் விளக்கினேன்.
"சார், இதுக்குப் பரீட்சை இருக்கா?" என்றான் ஷர்வின்.
இல்லை என்றதும்
கன்னத்தை மேசையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் வரைபடங்கள் வந்தன.
வேனிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து வேன்,
வேனிலிருந்து டியூஷன்.
இருபத்தாறு கோடுகள்
தரையோடு தரையாய்ப் படுத்திருந்தன.
ஒன்றில் மட்டும் இரவு பதினொன்றுக்கு ஒரு துள்ளல்:
யுகேந்திரன் தன் பட்டையைப்
பூனைக்குக் கட்டிப் பார்த்திருக்கிறான்.

இருபத்தேழாவது கோடு, மலை.
நிவாஷினி.
திடல் என்றாலே
வயிற்றுவலிக் கடிதம் நீட்டுகிறவள்.
"என்ன விளையாட்டு சார் அந்தப் பொண்ணு?
மாவட்ட அளவா?"
தொலைபேசியில் பொங்கியது மகிழ்ச்சி.

கூப்பிட்டுக் கேட்டேன்.
சட்டைப் பொத்தானைத் திருகியபடி சொன்னாள்:
"அந்த வாரம் லிஃப்ட் கெட்டுப்போச்சு சார்.
பதினாலாவது மாடி.
தண்ணியும் மேல ஏறல."
விடியுமுன் அம்மாவின் நாசி லெமாக் பெட்டி கீழே,
ஏறிவந்து தம்பியின் புத்தகப்பை கீழே,
சாயங்காலம் வாளி மேலே,
மறுபடி வாளி,
மறுபடி.

படிவத்தில் கட்டங்கள் இருந்தன:
ஓட்டம், நீச்சல், பூப்பந்து, கால்பந்து.
மற்றவை என்பதற்கு எதிரே
ஒரு சொல்லுக்கு மட்டும் இடம்.
படி என்று எழுதினேன்.
தினமும் அவளிடம் நாங்கள் சொல்வதும்
அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோடு சட்டென்று விழுந்திருந்தது.
லிஃப்ட் சரியாகிவிட்டது.
அந்தச் சரிவைப் பார்த்து
நிம்மதிப்பட்டேனா வருத்தப்பட்டேனா,
உடற்கல்வி ஆசிரியனாகச்
சொல்லத் தெரியவில்லை.

வானம் வெளுத்த ஒரு வியாழன்
சாக்கைக் கவிழ்த்தேன்.
உருண்ட பந்துகளின் பின்னால்
வகுப்பே கத்திக்கொண்டு ஓட,
அவள் மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள்.
கையில் கடிதம் இல்லை.
"நான் கோல்ல நிக்கிறேன் சார்.
ஓட மட்டும் சொல்லாதீங்க."