லைன் கொள்ளாது

இருநூற்று எண்பத்தாறு படி.
நூற்றைம்பதில் ஒருமுறை நின்று
இடுப்புக் கொக்கியைத் தட்டிப் பார்ப்பேன்.
உச்சியில் மூடியைத் தள்ளினால்
முகத்தில் அறையும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று.
இந்த வருஷம் வைகாசி முழுக்கச் சும்மா கிடந்து
ஆனி கழிந்து வந்தது, மழையைக் கூட்டி வராமல்,
வீடு மாறிக் கதவு தட்டியவன்போல.

மேலிருந்து பார்த்தால் கள்ளிக்காட்டுப்புதூரில்
கிளுவை வேலி பிரித்த காடுகள்,
வெள்ளை ஈ ஏறிக் கறுத்த தென்னைகள்,
ஆயிரத்து இருநூறு அடி போயும்
புழுதி மட்டும் கக்கிய போர்க்குழிகளின் சாம்பல் வட்டங்கள்.
சப்-ஸ்டேஷன் வாசலில் ஒரு நீலத் தார்ப்பாய்.
அதற்கடியில் நாற்பத்தொரு நாளாகத்
தெய்வாத்தாளும் தோட்டக்காரர்களும்.

கரண்டு வேண்டாம் என்றில்லை,
ரோட்டோரம் கொண்டு போ, மண்ணுக்கடியில் புதை,
எங்கள் தோப்புக்குள் கோபுரம் நடாதே.
இவ்வளவுதான் கேட்டார்கள்.
மைக் ஓடியது டீசல் ஜெனரேட்டரில்.
"காத்தாடிக்காரா, ஒரு ஒயரை இங்க எறக்கிவுடு"
என்று தெய்வாத்தாள் சொல்ல
பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

காற்று நன்றாக ஏறும் நாளில்தான் போன் வரும்.
மிஷினை நிறுத்து. லைன் கொள்ளாது.
இறக்கைகள் விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.
அந்நேரம் எங்கோ ஓர் உலையில்
இன்னும் கொஞ்சம் நிலக்கரி விழும் என்று
பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்.
ஆகக் கோபுரம் வேண்டும்.
தெய்வாத்தாளின் முப்பத்தேழு தென்னையும் வேண்டும்.
இரண்டையும் ஒரே பையில் போட்டுத்
தினமும் ஏறினேன்.
டார்க் ரெஞ்சைவிடக் கனம்.

நாற்பத்தொன்பதாம் நாள் ஜெயித்தார்கள்.
வேட்டுச் சத்தம். கேசரி. எனக்கும் வந்தது,
பேப்பர் கப்பில்.
புது வரைபடத்தில் கோடு
முந்நூற்றைம்பது மீட்டர் தெற்கே நகர்ந்திருந்தது.
தெற்கே என்ன இருக்கிறதென்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
நான் மேலிருந்து பார்த்திருக்கிறேன்.
தெற்கே எங்கள் தெரு.
இருபத்தாறு ஓட்டு வீடு, ஒரு சின்டெக்ஸ் தொட்டி,
என் அப்பனைப் புதைத்த ஓடைப் புறம்போக்கு.
தென்னைக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு
என்று அச்சடித்த தாளில்
பட்டா இல்லாத தலைக்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்த திங்கள் லீவு சொன்னேன்.
அஞ்சலை, சின்ராசு,
ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து
பஞ்சு ஒட்டிய முடியோடு வந்த மூன்று பெண்கள், நான்.
அதே வாசல்.
தார்ப்பாயை அவிழ்த்துப் போயிருந்தார்கள்.
கம்பம் நட்ட நாலு குழி மட்டும் இருந்தது.
ஆடியில் இப்படி ஒரு வெயிலா என்று
கேட்பதையே விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.

ஏட்டு கேட்டார்:
"காத்தாடிக் கம்பெனிச் சட்டையப் போட்டுட்டு
கரண்டுக்கு எதிரா உக்காந்திருக்கியேடா?"
எதிரா இல்லைங், என்றேன்.
அதற்கு மேல் சொல்ல வரவில்லை.
பதினேழாம் நம்பர் மிஷின் முனகுவது
அங்கிருந்தே கேட்டது.
நாளைக்குப் போய்க் கிரீஸ் வைக்க வேண்டும்.

மூன்று மணிக்கு ஒரு மொபெட் வந்து நின்றது.
தெய்வாத்தாள்.
இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி,
முன்னால் சுருட்டி வைத்திருந்த
பவானி ஜமக்காளத்தின்மேல் கையை வைத்தபடி
"தரை சுடுதுங்களா?" என்றாள்.

அந்த 'ங்களா'
எங்கள் தெருப்பக்கம் இதுவரை வந்ததில்லை.

யாரும் பதில் சொல்லவில்லை.
அவளும் போகவில்லை.
வண்டி உறுமிக்கொண்டே நின்றது,
புகை எங்கள்மேல் வந்தது, காற்று அந்தப் பக்கம்.
ரொம்ப நேரம் கழித்து
அஞ்சலை எழுந்து போய்
சாவியைத் திருப்பி
வண்டியை அணைத்தாள்.