எழுத்து தரப்படாத பகுதி

குட்டாயிசியில் நவம்பர்.
மின்சாரம் வரும், போகும், சொல்லிக்கொள்ளாது.
வெள்ளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
செருப்புக் கடைக்கு மேலே
பத்ரி கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் அறை.

"பொத்தானை அமுக்கிவிட்டுக் கீழே போய்
ரொட்டி வாங்கி வருகிறேன்.
அப்போதும் விழித்திருப்பதில்லை" என்றான்.
கடிகாரம் பார்த்தேன்.
ஆறு நிமிடம், பதினொரு வினாடி.
நானே ஒரு சிகரெட் முடித்திருந்தேன்.

எண்பது ஜிபி வட்டு. ஒரே பாகம். எல்லாம் C.
விண்டோஸ், சீட்டாட்டம், மருமகனின் பாட்டுகள்,
பதினான்கு கல்யாணம்,
புதியது, புதியது இரண்டு, கடைசி,
நிஜமாகவே கடைசி.
மிச்சம் முந்நூறு எம்பி.
எள் போட்டால் எள் விழாது.

மலையிலிருந்து வந்த ஒரு மணமகளின் நடனம்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு துண்டாகக் கிடந்தது.
முழங்கை ஓரிடம். முக்காடு ஓரிடம்.
பாதம் அந்தக் கோடியில்.
வட்டின் கை ஓடி ஓடிப் பொறுக்கிக்
கோத்துக் காட்டுவதற்குள்
தாளம் முடிந்துவிடுகிறது.
விருந்துத் தலைவர் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்த பிறகு
அவருடைய வாழ்த்து வருகிறது.

"வட்டின் வெளி விளிம்புதான் வேகம்" என்றேன்.
"கைகோத்து வட்டமாய் ஆடும்போது
வெளியே நிற்பவன்தானே ஓடவேண்டும்?"
"ஆமாம். தொப்பைக்காரனை நாங்கள்
உள்ளேதான் நிறுத்துவோம்."
புரிந்துகொண்டான். என்னைவிட நன்றாக.

விளிம்பில் பதினைந்து ஜிபி, விண்டோஸுக்கு மட்டும்.
அடுத்து, கையில் இருக்கும் வேலை.
முடிந்த கல்யாணங்கள் இன்னும் உள்ளே.
நினைவு நிரம்பி வழிவதைப் பிடிக்க
என் பையிலிருந்த பழைய நாலு ஜிபி வட்டு தனியாக.
எழுதுகிற கையாலேயே
சோறும் தின்னச் சொல்லக்கூடாது.

இரவு பத்துக்கு நகர்த்தத் தொடங்கினேன்.
முப்பத்தெட்டு சதவீதத்தில் விளக்கு போனது.
யூபிஎஸ் கோழிக்குஞ்சாய்க் கத்தியது.
செருப்புக் கடை ஒத்தியா
தன் லாடா காரின் பேட்டரியைப்
பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்து
மூன்று மாடி ஏறி வந்தான்.
கம்பியை நான் முறுக்கும்போது
யாரும் மூச்சு விடவில்லை.
பட்டை நின்றது. யோசித்தது.
முப்பத்தொன்பது.

விடியும்வரை விழித்திருக்க ஏதாவது வேண்டுமே,
கோப்புறைகளைப் படித்தேன்.
நானுலி – ஜும்பெர், செப்டம்பர். பன்னிரண்டு ஜிபி.
"இது யாருடையது?"
"வாங்க வரவில்லை" என்றான் பத்ரி.
"பாதிப் பணம் பாக்கி.
ஜனவரியில் அவள் கிரீஸுக்குப் போய்விட்டாள்.
அவன் போட்டியில், துறைமுகத்தில்.
வேறு வேறு பஸ்."

அழித்தால் பன்னிரண்டு ஜிபி மிச்சம்.
நான் சொல்லவில்லை. அவனே சொன்னான்:
"அழிக்க மாட்டேன். பார்க்கவும் மாட்டேன்.
இதனால் மற்றவர் கல்யாணம்
மெதுவாகவும் ஓடக்கூடாது."

வட்டின் ஆக உள்ளே, அச்சுக்குப் பக்கத்தில்,
அவசரமே இல்லாத இடத்தில்
ஒரு அறை தடுத்தேன்.
C உண்டு, D உண்டு, E உண்டு.
இதற்கு மட்டும் எழுத்து தரவில்லை.
இருப்பது கணினிக்குத் தெரியும்,
யாருக்கும் காட்டாது.
தலையெழுத்தே இல்லாமல்
பத்திரமாய் இருக்க முடிகிற ஒரு கல்யாணம்.

காலையில் நாற்பத்தெட்டு வினாடி.
வாயும் வாழ்த்தும் ஒன்றாய் அசைந்தன.
மணமகள் முழுதாய்ச் சுழன்றாள்,
பாதத்தோடு.
கூலியில் பாதி பணம்,
பாதி ஒரு வட்டப் பாலாடைக்கட்டி.

படியில் இறங்கும்போது மேலிருந்து கேட்டான்:
"ஒருவேளை வந்தார்களென்றால்?"
"ஒரு எழுத்து கொடு. திறந்துகொள்ளும்."
"எது?"
"காலியாய் இருப்பது எதுவானாலும்.
இன்னும் இருபது இருக்கிறது."

இரண்டாம் மாடியில் விளக்கு போனது.
மேலே அந்தக் குஞ்சு ஒருமுறை கத்திவிட்டு
லாடாவின் பேட்டரியில் சாய்ந்துகொண்டது.
சுவரைத் தடவி இறங்கினேன்,
பாலாடைக்கட்டி அக்குளில்.