பின்னங்கால்கள்

பசுவுக்குள் இரண்டு பேர்.
முன்னங்கால்கள் கோவிலென்.
அவனுக்கு வாய் உண்டு, ஒலிபெருக்கி உண்டு,
அட்டைக் கண்களின் ஓட்டை வழியே
ஃபிளாக் சந்தை முழுக்கத் தெரியும்.

பின்னங்கால்கள் நான்.
குனிந்த முதுகு, அவன் இடுப்பைப் பிடித்த கை,
வயிற்றுத் தையலில் விட்டுப்போன
நான்கு விரல் இடைவெளி.
அதில் தெரிவதுதான் என் பொதுஜனம்:
செருப்புகள்.

உண்மைப் பசுவைத்தான் கொண்டுவர இருந்தோம்.
செரீஸைக் குளிப்பாட்டி
லாரிக்கும் சொல்லியாயிற்று.
சாணி போட்டால் யார் அள்ளுவது என்று
கவுன்சிலில் எழுத்தில் கேட்டார்கள்.
நான் என்றேன், எழுத்தில்.
பதில் வரவில்லை.
ஆகவே லுவீனாவின் அத்தை தைத்த இந்தத் துணிப்பசு;
மடிக்கு இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை,
அதற்கு மேலே, என் மார்போடு கட்டிய வெந்நீர்ப் பையில்
விடியலில் கறந்த இரண்டு லிட்டர்.

"நம்ம தீவுப் பால்! இன்னைக்குக் கறந்தது!"
கிரியோலில் கூவுகிறான் கோவிலென்.
செருப்புகள் தக்காளிக்குப் போகின்றன,
நூடுல்ஸ் கடைக்குப் போகின்றன.
ஒரு ஜோடி நின்றது.
சிவப்பு நகப்பூச்சு, இடது குதிகாலில் வெடிப்பு.
"மாவுப் பால் டப்பா ஆறு மாசம் கெடாது தம்பி.
உன் பால் நாளை மதியம் தாங்குமா?
எங்க வீட்டு ஃபிரிட்ஜ் சரியில்லை."

கோவிலெனிடம் கால்சியம் இருந்தது,
புரதம் இருந்தது,
கப்பலேறிப் போகும் அந்நியச் செலாவணி இருந்தது.
ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் இல்லை.
சிவப்பு நகங்கள் திரும்பின.
பின்பக்கத்திலிருந்து சொல்ல நினைத்தேன்:
எங்கள் வீட்டுத் தேநீரிலும் மாவுதான், அக்கா.
செரீஸின் பால் விற்பனைக்கு.

போன மாதம் பேருந்தில்
என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது,
நின்றுகொண்டு வந்தவர்கள் இருந்தும்.
நாலு மணித் தொழுவம் சோப்புக்கு மசியாது.
இந்தத் துணிப்பசுவிலோ
பசையும் கோவிலெனின் வாசனைத் திரவியமும்தான்.
ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துப்
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பதினொரு மணி இருக்கும்.
இடைவெளியில் ஒரு முகம்.
ஐந்து வயது, முன்பல் ஒன்று இல்லை.
கையுறையின் நடுவிரலைப் பிடித்து இழுத்தாள்.
பையை அழுத்தினேன்.
கன்னத்தில், சட்டையில், வாயில் பீய்ச்சியது.
அவள் சிரிக்கவில்லை.
நக்கிப் பார்த்தாள்.
"சூடா இருக்கு" என்றாள்,
என் உடம்புச் சூட்டை.
பிறகு நேராக என்னைப் பார்த்து
ரகசியமாய்: "உள்ளே நீ யாரு?"
"பின்னங்கால்."
நியாயமான பதில் கிடைத்தவள் போலத் தலையாட்டி
"இன்னொரு தடவை" என்றாள்.

அவளுக்குப் பின்னால் செருப்புகள் நின்றன.
நான்கு ஜோடி, ஏழு ஜோடி,
ஒரு சைக்கிள் சக்கரம்.

பதினேழு பாட்டில் விற்றது.
தரையெங்கும் துண்டுப்பிரசுரங்கள்,
மேலே எனக்குத் தெரிந்த தடங்கள்.
சிவப்பு நகம் திரும்பி வந்து வாங்கியதா
என்று லுவீனாவைக் கேட்டேன்.
அவளுக்கு முகங்கள்தான் தெரியும்.

மாலை. நூவெல் தெகூவெர்த்தில் தூறல்.
வாளியோடு உட்கார்ந்து
செரீஸின் விலாவில் நெற்றியைச் சாய்த்தேன்.
தன் பெயரில் இன்று என்னவெல்லாம் பேசினோம் என்று
அவளுக்குத் தெரியாது.
கரும்புத் தோகையை மென்றபடி
வலது பின்னங்காலை அரையடி நகர்த்தினாள்.
நானும் நகர்ந்தேன். முதுகு இன்னும் நிமிரவில்லை.

ஒரு தம்ளர் மட்டும் தனியே எடுத்துவைத்தேன், வீட்டுக்கு.
கணக்கு இடிக்கும்.
அம்மா கண்டுபிடிப்பாள்.