செவ்வாய்க்காரி

தோஷமில்லாத சாதகம் என்று
பன்னிரண்டு கட்டமும் துருவிப் பார்த்துத்தான்
என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.
இப்போது அரசாங்கம்
அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து
செவ்வாய்க்காரி ஆக்கிவிட்டது.
மூன்றும் நாலும் செவ்வாய்க்கிழமை வெளியில் போகலாம்.

இரண்டு மாதமும் சில நாளும் கழித்து
செருப்புக்குள் கால் நுழைக்கிறேன்.
வார் என்னை மறந்திருக்கிறது.
லிஃப்டுக்குள் மூன்றாம் மாடிக்காரர் நின்றார்.
நான் ஏறவில்லை. அவரும் கூப்பிடவில்லை.
இருவருமே அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டோம்.

வெள்ளவத்தையில் காலி வீதி
யாரோ இரவோடிரவாக அகலப்படுத்தியது போலக் கிடக்கிறது.
நூறாம் நம்பர் பஸ்ஸில் ஆட்களுக்கு ஒன்றுவிட்ட சீட்.
கடற்காற்று மாஸ்க்குக்கு வெளியிலேயே நின்றுவிட
உள்ளே
காலையில் குடித்த தேத்தண்ணியை
நானே திரும்பத் திரும்ப மணக்கிறேன்.

கடை வாசலில் வாளி, குழாய், பச்சைச் சவர்க்காரம்.
ஒரு பையன் என் நெற்றிக்கு நேரே
வெள்ளைத் துவக்கை நீட்டினான்.
இந்த ஊரில் நெற்றிக்கு நேரே எதை நீட்டினாலும்
என் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடும்.
"முப்பத்தாறு தசம் நாலு. போங்க அன்ரி."

கொப்பியில் பெயர், ஃபோன் நம்பர், வந்த நேரம்.
நூலில் கட்டிய பேனையை
சேலைத் தலைப்பால் பிடித்துக் குனிந்தால்
எனக்கு முந்தின வரியில்
வால் நீண்ட ஒரு 'ணி'.
அருந்தவராணி. 10.20.
போன நேரம் இன்னும் எழுதப்படவில்லை.

சித்திரையில் அவளுடைய அம்மா மோசம் போனா.
ஊரடங்கு, பாஸ் இல்லை என்றேன்.
பாஸ் கேட்டுப் பார்க்கவுமில்லை.
வாட்ஸ்அப்பில்
கைகூப்பிய மஞ்சள் பொம்மை ஒன்று அனுப்பினேன்.
நீலக் கோடு இரண்டு விழுந்தது.
அவ்வளவுதான்.

உள்ளே எல்லாருக்கும் கண் மட்டும்தான் இருக்கிறது.
பருப்புச் சாக்கடியில் ஒருத்தி,
பால்மா அடுக்கடியில் ஒருத்தி.
யாரைப் பார்த்துப் பயப்படுவது?
தொடவேண்டாம் என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தும்
வெண்டிக்காய்க் குவியலில்
நுனியை முறித்துப் பார்த்தது ஒரு கை.
இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த கை.

காசு கட்டும் வரிசைக்கு நிலத்தில் வட்டம் கீறியிருந்தது.
அவள் ஒரு வட்டம். பின்னால் நான்.
"மஞ்சள் தூள் இருக்கோ?"
காசாளரிடம்தான் கேட்டேன்,
அவளுக்குக் கேட்கும்படி.
"எங்க அம்மா மஞ்சள்?
உங்கட காலுக்குக் கீழ கீறியிருக்கிறதுதான் இருக்கு."

திரும்பினாள்.
மாஸ்க் கொஞ்சம் மேலேறி இறங்கியது.
சிரிப்பாகவும் இருக்கலாம்.

"ராணி, அம்மாட விஷயம்…"
துணிக்குள் சொல் நனைந்துபோயிற்று.
"என்ன?" என்று காதைத் திருப்பினாள்.
அதை எப்படி மூன்றடி தூரத்துக்குக் கத்துவது?
"பருப்பு என்ன விலை?" என்றேன்.
சொன்னாள்.
இரண்டு பேர் முன்னுக்கு நகர்ந்தார்கள்.
பிறகு அவளே,
மிச்சக் காசை எண்ணிக்கொண்டு:
"எட்டுப் பேர்தான் வந்தவை.
வாடகைக்கு எடுத்த கதிரை முழுக்கச் சும்மா கிடந்தது.
நீ வந்திருந்தாலும் நிற்க விட்டிருக்க மாட்டினம்."

மன்னிப்பா, குத்தலா,
வெறும் கதிரைக் கணக்கா.
வாய் தெரிந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

வாசலில் கொப்பியில் நேரம் எழுதிவிட்டு
பேனையை என்னிடம் நீட்டினாள்.
சேலைத் தலைப்பு ஞாபகத்துக்கு வரவில்லை.
"வீட்டில கொஞ்சம் மஞ்சள் கிடக்கு. வந்து எடு."
"எப்ப?"
"நீயும் நானும் செவ்வாய்தானே."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு
ஏழு மாடியும் படியால் ஏறினேன்.
போனால் வாசலில் நின்று வாங்குவதா,
இரு என்றால் இருப்பதா,
படத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது,
தேத்தண்ணி தந்தால்
மாஸ்க்கைக் கழற்றி எங்கே வைப்பது.

மஞ்சள் இல்லாத வெறும் உப்புத் தண்ணியில்
வெண்டிக்காயைக் கொட்டினேன்.
ஒன்றுக்கு நுனி இல்லை.