நூற்றி நாற்பது டொலர்

டிரம் சுற்றுகிறது. சூடு இல்லை.
ஒரு மணி நேரம் உருட்டிவிட்டு
போட்ட ஈரத்தையே திருப்பித் தந்தது:
மகனின் ஹொக்கி உடுப்பு, என் வேலைச் சட்டை,
நாலு துவாய்.

எட்மன்ரன். தை மாதம். மைனஸ் இருபத்தெட்டு.
துவாயை வெளியில் காயப்போட்டால்
பலகையாய் விறைத்து நிற்கும்.

போனில் சுதேந்திரன்,
வடக்கே எண்ணெய்க் காம்பிலிருந்து:
"ஆளைக் கூப்பிடும். வந்து பார்க்கவே நூற்றி நாற்பது எடுப்பான்.
உமக்கு உது விளங்காது."
உது என்ற ஒரு சொல்லுக்குள்
ட்ரையரையும் என்னையும் சேர்த்தே வைத்து மூடினார்.

பிளக்கைப் பிடுங்கினேன். அது முதலாவது.
அதை மறந்தவர்கள்
இரண்டாவதைச் சொல்ல வருவதில்லை.

பின்தகட்டில் ஒன்பது ஆணி.
எட்டு வந்தன. ஒன்பதாவது
தலை மழுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
ரப்பர் பாண்டை வைத்து அமத்தித் திருப்ப
கீச்சென்று ஒத்துக்கொண்டது.
உள்ளே பஞ்சுத் தூசி.
மூன்று வருடம் நாங்கள் உடுத்த நிறமெல்லாம்
சேர்ந்து ஒரே சாம்பல்.

மீற்றரின் இரண்டு முனையையும்
ஒன்றோடொன்று தொட்டேன்: பீப்.
சூட்டுச் சுருளில் தொட்டேன்: பீப்.
தேர்மோஸ்டாட்டில்: பீப்.
நகமளவு ஃபியூஸில்
ஒன்றுமில்லை.
இவ்வளவு சுத்தமான மௌனத்தை
இந்த வீட்டில் நான் கேட்டதில்லை.

பதினெட்டு டொலர். புது ஃபியூஸ். சூடு!
அன்றிரவு துவாயில் முகம் புதைத்து
போரில் வென்ற நாடு மாதிரி நின்றேன்.

பதினோராம் நாள் குளிர்ந்தது.
இன்னொரு பதினெட்டு.
இந்த முறை ஆறே நாள்.

"ஃபியூஸை விட்டிட்டு ஒரு வயரை நேராக் குடும்,"
என்றார் வடக்கிலிருந்து.
குடுத்திருப்பேன்.
இரண்டு நுனியும் உரித்துக்கூட வைத்துவிட்டேன்.
இதற்கு நேர் மேலேதான்
அகரன் படுக்கிற அறை.
வயரைச் சுருட்டி லாச்சிக்குள் போட்டேன்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.
இந்த நகமளவு சாமான்
தான் எரிந்து
வீட்டை எரியவிடாமல் வைத்திருக்கிறது.
நான் அதைப் போய்
பழுது, பழுது என்கிறேன்.

ட்ரையரை ஓடவிட்டு
இரவுச்சட்டைக்கு மேல் ஜக்கெட் மாட்டி
வீட்டுப் பக்கச் சந்துக்குள் போனேன்.
முழங்கால் வரை பனி.
மார்லீன் வீட்டுச் சுவர்
வெள்ளை வெள்ளையாய் மூச்சு விடுகிறது,
சவர்க்கார வாசத்தோடு.
எங்கள் சுவர்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
தகட்டு மூடி அசையவே இல்லை.

உள்ளே வந்து, டோர்ச்சைப் பின்னால் நீட்டினேன்.
வெள்ளிக் குழாய்
சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில்
அப்பளமாய்.

எய்தவன் யார் என்று உடனே தெரிந்தது.
கார்த்திகையில், கூட வேலை செய்பவன் கொடுத்த
மூஸ் இறைச்சிக்கென்று டீப் ஃபிரீசர் வாங்கி,
அதற்கு இடம் விட
இதை இடுப்பால் இடித்து இடித்துத் தள்ளியது அவர்.
இதே டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு
"இன்னும் போகும், இன்னும் போகும்"
என்று சொன்னது நான்.

நசிந்ததை வெட்டி எறிந்தேன்.
விறைப்பான குழாய், வெள்ளி ஒட்டுநாடா,
மூன்றாவது ஃபியூஸ்.
ஃபிரீசரை ஒரு சாண் நகர்த்தியதில்
அந்த அறைக் கதவு இப்போது முழுதாய்ச் சாத்தாது.
சாத்தாவிட்டால் என்ன.
மறுபடி சந்துக்குள் போய்
மூடியின் கீழ் கையை நீட்டினேன்.
கையுறை கழற்றி.

இரவு போன் வந்தது.
"ஆள் வந்ததோ?"
"வந்தவ."
"பொம்பிளையோ? எவ்வளவு எடுத்தவ?"
"நூற்றி நாற்பது. நீங்கள் சொன்ன கணக்குத்தான்."
"என்னவாம் பிழை?"
"பின்னுக்கு ஆரோ குழாயை நெரிச்சுப்போட்டினமாம்.
ரெண்டு பேராம்."

அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் பீப் இல்லை.
லைன் அறுந்துவிட்டதோ என்று
"ஹலோ?" என்றேன்.
கீழே துவாய்களுக்கு
இன்னும் பத்து நிமிடம் இருந்தது.