கண்ணாடிப் பக்கம்

பாளையங்கோட்டையில் நாலே காலுக்கு எடுத்த பஸ்.
கணக்கு நோட்டு என் மடியில்.
தலைக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
தலைகள் நாற்பத்திரண்டு.

முதலில் போகவிருந்தது இத்தாலிக்கு.
சிரிக்க வேண்டாம்.
கேட்டரிங் துறை நோட்டீஸ் போர்டில்
நிஜமாகவே தொங்கியது விளம்பரம்:
ஒன்பது நாள், மாவு பிசையலாம், கண்ணாடி ஊதலாம்,
தவணை வசதி உண்டு.
ஓட்டெடுப்பில் இத்தாலிதான் ஜெயித்தது.
அப்புறம் யாரோ சைபர்களை எண்ணினார்கள்.
காரைக்குடி என்று முடிவானது.

கானாடுகாத்தானில் ஒரு வீடு,
இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை.
சாவிக்கொத்தால் தரையைத் தட்டிக் காவல்காரர் சொன்னார்:
"இது இத்தாலிக் கல்லு. கப்பல்ல வந்தது."
நாற்பத்திரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
இசக்கியம்மாள் மட்டும் கண்ணை மூடி
இரண்டு பாதத்தையும் அழுத்தி நின்றாள்.
"எப்படிட்டி இருக்கு இத்தாலி?"
"ஜில்லுன்னு கெடக்கு. கொஞ்சம் வழுக்குது."

மதியம் பந்தி.
கல்பாசி வாசம் கூடத்தின் தூண்வரை வந்து
எங்களை அழைத்துப் போனது.
குறிப்பெடுக்கத்தான் வந்தோம்; மராட்டி மொக்கு எத்தனை,
கவுனி அரிசி ஊற எவ்வளவு நேரம் என்று.
கோழி வந்ததும் பேனாவை எல்லோரும் மறந்தோம்.
சமையல் பொறுப்பு வள்ளிக்கண்ணு அக்கா
கரண்டியோடு என்னிடம் வந்தார்.
"நாப்பத்தி மூணுன்னுல போன்ல சொன்னிய?"
"ஒருத்தன் வரலக்கா."
"எலை போட்டாச்சே."

போட்ட இலையில் கிளீனர் பையன் உட்கார்ந்தான்.
காலையிலிருந்து எங்கள் பைகளை மேலே ஏற்றியவன்.
அவனை நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

ஆத்தங்குடிப் பட்டறையில் பாண்டித்துரைக்கு
எங்கள் வயதுதான் இருக்கும்.
ஒரு காதில் கிரிக்கெட் ஸ்கோர்,
கையில் பச்சைக் குழம்பு.
கண்ணாடிமேல் சட்டம், சட்டத்துக்குள் அச்சு,
அச்சுக்குள் நிறம்.
அச்சைத் தூக்கினால் நிறங்கள்
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், கலக்காது.
அதன்மேல் மணல், சிமென்ட், கரணை.
பூ கீழே போய்விடும்.
செய்கிறவனுக்குத் தெரிவது முதுகு மட்டும்.

"ஆளுக்கொண்ணு பண்ணுங்க" என்றான்.
நான் ஒரு தாமரை ஊற்றினேன், முட்டைக்கோஸ் ஆனது.
இசக்கி அச்சு வேண்டாமென்று
கரண்டி நுனியால் சிவப்பில் எழுதினாள்.
பாண்டித்துரை எட்டிப் பார்த்துச் சிரித்தான்:
"தங்கச்சி, திருப்பினா மாறிப் போயிரும்."
"போகட்டும்ணே" என்றாள்.
என்ன எழுதினாள் என்று பார்க்குமுன்
மணல் விழுந்துவிட்டது.

கல் தண்ணீரில் ஊற வேண்டும், வெயிலில் காய வேண்டும்,
இன்றைக்கு எடுத்துப் போக முடியாது.
பார்சல் செலவுக்கு நூற்றுப் பத்து கொடுத்தேன்.
எழுதிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பாட்டு, வாந்தி, தூக்கம்.
மடியில் ஓலைக் கொட்டானை வைத்துக்கொண்டு
அதற்குள் மணகோலம் தேடும் கைகள்.
கோவில்பட்டி டீக்கடையில் தலை எண்ணினேன்:
நாற்பத்திரண்டு.
சரியாக இருந்தது.
சரியாக இருந்ததுதான் உறுத்தியது.

பதினாறாம் நாள் பஸ் பார்சலில் பெட்டி வந்தது.
என் முட்டைக்கோஸ் இரண்டாக உடைந்திருந்தது.
இசக்கியின் கல் முழுசாக.
சிவப்பு எழுத்து நான்கைந்து,
எந்த மொழியென்று தெரியவில்லை.
விடுதிக் குளியலறைக் கண்ணாடிமுன் பிடித்தோம்.
கடைசியில் நின்ற கொம்பு முதலுக்கு வந்து
வாசிக்கக் கிடைத்தது:
ஜெபின்.

"செவ்வாய்க்குள்ள கட்டலன்னா பேர் இருக்காதுல."
அவனிடம் அப்படிச் சொன்னது நான்.
புதன்கிழமை அறுநூறு ரூபாயோடு வந்தவனிடம்
நோட்டைத் திருப்பிக் காட்டியதும் நான்.
கணக்கு முடித்தபோது மீதி
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.
அதில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

கல்லை அவன் அறைக்கு எடுத்துப் போனது இசக்கி இல்லை,
என்னைப் போகச் சொன்னாள்.
ஜெபின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
விரலால் கொம்பைத் தடவினான்.
"சூடான சட்டி எறக்கி வைக்க ஆகும்ல" என்றான்.

அடுப்பில் ஏதோ கொதித்தது.
"சாப்ட்டியால?" என்று கேட்டான்.
இல்லை என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.