பல் டாக்டர்

என் முதல் கைப்பேசி ஒரு மழையால் வந்தது.
அங் மோ கியோ சென்ட்ரலில் கூடாரத்துக்குள் ஒதுங்கியவள்
கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.
ஈராண்டு ஒப்பந்தம்.
அதற்குமுன் அவ்வளவு காலத்துக்கு
நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

நீல நிறம். ரப்பர் எண்கள்.
'எஸ்' வேண்டுமானால் ஏழை நான்கு முறை அமுக்கவேண்டும்.
தமிழ் எழுத்து அதில் கிடையாது.
ஆங்கில எழுத்தை இரவல் வாங்கி
ழகரத்தை ஒரு 'எல்'லில் கழித்துவிடுவோம்,
யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பெட்டியில் பதினைந்து செய்திக்குத்தான் இடம்.
பதினாறாவது வந்தால் ஒரு கடித உறை
கண்சிமிட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்.
யாரையாவது வெளியே அனுப்பவேண்டும்.
அப்பாவின் 'முட்டை வாங்கி வா'வை அனுப்பினேன்.
கிளினிக்கின் ஷிஃப்ட் மாற்றத்தை அனுப்பினேன்.
பல் டாக்டரை அனுப்பவில்லை.

அவர் பல் டாக்டர் இல்லை.
பிடோக் டிப்போவில் பேருந்துகளுக்கு பிரேக் பார்ப்பவர்,
பெயர் ரிஸ்வான்.
எங்கள் வீட்டில் என் கைப்பேசி எல்லார் கைக்கும் போகும் என்பதால்
படிக்காமலே டாக்டரானார்.
'மழை. ஒரு பஸ் ஒழுகுது. நீ நனையாத.'
இப்படித்தான் எழுதுவார்.

தம்பி மெய்யப்பன் தேசிய சேவைக்குப் போனான்.
தெக்கோங் தீவுக்குள் கேமரா வைத்த போனை விடமாட்டார்கள்.
கேமரா உள்ளது அவனிடம், இல்லாதது என்னிடம்.
முதல் நாள் இரவு மாற்றிக்கொண்டோம்.
சிம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.
செய்திகளும் சிம்மோடு வந்துவிடும் என்று
நம்பிய காலம் அது.

இரண்டு வாரம் கழித்து மொட்டைத் தலையோடு வந்தான்.
அம்மா ரசம் எடுக்க உள்ளே போன நொடியில்
சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
'அக்கா, பல் டாக்டர் நல்லா எழுதுறாரு.'
அவ்வளவுதான்.
இருபது வருடமாக அவ்வளவுதான்.

அவனிடமிருந்து எனக்கு வந்தது மடக்கும் போன்.
மூடும்போது டப்பென்று ஒரு சத்தம்,
அந்தச் சத்தத்துக்காகவே எல்லாரிடமும் பேச்சை முடித்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிஸ்வானிடமும் முடித்தேன்.
மறுபடி அவர் அழைக்கவில்லை.
நானும்.

பழையதைத் தம்பி சேவை முடித்துத் திருப்பித் தந்தபோது
திறந்து பார்க்கவில்லை. இழுப்பறையில் போட்டேன்.

அப்புறம் ஒன்று தோ பாயோ கழிவறையில் விழுந்தது.
ஒன்றை டாக்சியில் விட்டேன், ஓட்டுநர்
கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.
ஒன்றில் சுகுமாரனின் படம் வந்தது, ஜாதகத்தோடு, ஏழு எம்பி.
கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதெல்லாம் கறுப்பு,
ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் நினைவில்லை.
இப்போது உள்ளதில் பத்தாயிரம் செய்தி இருக்கும்.
எதையும் அழிக்கச் சொல்வதில்லை.
எதுவும் மனப்பாடமும் இல்லை.

போன மாதம் மெய்யப்பன் கேட்டான்.
மகள் யாழ்மதிக்குத் தொடக்கநிலை ஆறு, தேர்வு வருடம்,
'இன்டர்நெட் இல்லாத போன் ஏதாவது கிடக்குதா, அக்கா?'
கிடந்தது. ஊசிமுனை சார்ஜரும் கிடந்தது.
ஒரு மணிநேரம் மின்சாரம் குடித்துவிட்டு
தூங்கி எழுந்த பிள்ளைபோல்
இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டது.

சேவை இல்லை.
அந்த அலைவரிசையை நாட்டிலேயே நிறுத்தி
வருடங்கள் ஆகிவிட்டன, எங்களுக்குத் தோன்றவே இல்லை.
யாழ்மதிக்கு அதில் ஒரு பாம்பு கிடைத்தது, போதும்.
தன் வாலைத் தானே கடித்து நான்கு முறை செத்தாள்.
பிறகு எங்கெங்கோ அமுக்கினாள்.

'அத்தை, பதினஞ்சு மெசேஜ் இருக்கு.
பதினாலு ஒரே ஆள்.
கடைசி ஒண்ணுதான் தாத்தா. லீவு எப்பன்னு கேட்டிருக்காரு.'

பதினான்கு.
இரண்டு வருடம்
ஒரே ஓர் இடத்தை வைத்துக்கொண்டு
வருவதைப் படித்து, அழித்து,
வருவதைப் படித்து, அழித்து.

'யாரு அத்தை பல் டாக்டர்?'

மெய்யப்பன் சட்டென எழுந்து
கார் சாவியைத் தேட ஆரம்பித்தான்.
அது அவன் கையில்தான் இருந்தது.